மேல்மாடத்தில் பாடியவர்கள்: இங்கிலாந்துச் சிற்றூர்களின் கிறிஸ்துமஸ் கீத ஆராதனை

இங்கிலாந்தின் நாட்டுப்புறத் தேவாலயங்களில் ஞாயிறுதோறும் பதினைந்து இருபது பேர் வந்தாலே நிறைவு. அதே ஆலயம் டிசம்பரில் ஒரு மாலை மட்டும் கடைசி வரிசைவரை நிரம்பி, வாசலில் ஆட்கள் நிற்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. அது கேரல் ஆராதனை நடக்கும் மாலை. நாட்டளவிலான கணக்கும் இதற்கு ஒத்தே வருகிறது. 2017-இல் இங்கிலாந்துத் திருச்சபையின் வழக்கமான ஞாயிறு வருகை 7 லட்சத்தைச் சற்றே தாண்டியது. கிறிஸ்துமஸ் நாளிலும் அதற்கு முந்தைய நாளிலும் வந்தவர்களோ 25 லட்சத்துக்கு மேல். இதற்கு இரண்டு விளக்கங்கள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. தலைமுறை தலைமுறையாக வரும் பழமையான சடங்கு என்பதால் மக்கள் அதைக் கைவிட மனமில்லாமல் வருகிறார்கள் என்பது ஒன்று. மெழுகுவத்தியும் இனிய பாட்டும் தரும் சுகத்துக்காக வருகிறார்கள் என்பது மற்றொன்று. இரண்டுமே போதாது. ஆராதனையின் இன்றைய வடிவம் ஒன்றரை நூற்றாண்டுகூட ஆகாதது. இனிய பாட்டு வேண்டுமென்றால் வானொலியில் இதைவிடத் தேர்ந்த பாடகர்கள் பாடுகிறார்கள். கிறிஸ்துமஸ் பாட்டின் ஊர்ப்புற வரலாறு, என்ன பாடப்பட்டது என்பதைவிட யார் பாடினார்கள், பாடும் உரிமை யாரிடமிருந்து யாரிடம் போனது என்பதைப் பற்றியது. ஊர்மக்கள் தாங்களே பாடும்போதுதான் இந்த ஆராதனைக்கு உயிர் இருக்கிறது என்பதே அந்த வரலாறு காட்டும் உண்மை.

ஒன்பது வேதபாடங்கள், இடையிடையே கீதங்கள் என்ற ஒழுங்கு, நாட்டின் தென்மேற்குக் கோடியான கார்ன்வால் பகுதியில் ட்ரூரோ நகரில் 1880 டிசம்பர் 24 இரவு பத்து மணிக்கு நடந்த ஆராதனையிலிருந்து வருகிறது. ட்ரூரோவுக்கு அப்போது பேராலயமே இல்லை. அதற்கு அடிக்கல் நாட்டியிருந்தது அந்த ஆண்டுதான். கட்டி முடியும்வரை ஒரு மரக்கொட்டகையில் ஆராதனை நடந்துவந்தது. அங்கே பேராயராக இருந்த எட்வர்டு வைட் பென்சன், பழைய திருவிழிப்பு வழிபாடுகளின் மாதிரியைப் பார்த்து இந்த ஒழுங்கை அமைத்தார். இவர் பின்னாளில் கேண்டர்பரியின் தலைமைப் பேராயர் ஆனவர். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் மதுக்கடைகளில் கூடும் ஆண்களை ஆலயத்துக்கு இழுப்பதும் அவருடைய நோக்கங்களில் ஒன்று என்று சொல்லப்படுவதுண்டு. அவர் செய்த ஏற்பாட்டில் மிக முக்கியமானது பாடம் வாசிப்பவர்களின் வரிசை. முதல் பாடத்தைப் பாடகர் குழுவின் சிறுவன் ஒருவன் வாசிப்பான். பிறகு படிப்படியாகத் திருச்சபையின் ஒவ்வொரு நிலையில் இருப்பவரும் வாசிக்க, ஒன்பதாவதைப் பேராயர் வாசிப்பார். அதிகாரம் கடைசியில் எழுந்து நிற்க, அதுவரை மற்றவர்கள் பேச, பேராயர் உட்கார்ந்து கேட்டாக வேண்டும். இந்த ஒழுங்கின் ஆழமான கண்டுபிடிப்பு இதுதான் என்று எனக்குப் படுகிறது.

உலகம் அறிந்த வடிவம் இதற்கு 38 ஆண்டுகள் கழித்து வந்தது. முதல் உலகப் போர் முடிந்து ஆறு வாரங்களே ஆகியிருந்த 1918 டிசம்பர் 24 அன்று, கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரி ஆலயத்தில் எரிக் மில்னர்-வைட் இதை நடத்தினார். போர்முனையில் படைக் குருவாக இருந்துவிட்டுத் திரும்பியிருந்தவர் அவர், வயது 34. கல்லூரியின் ஆலயத் தலைவராகப் பொறுப்பேற்ற கையோடு, வழக்கமான வழிபாட்டு நூல் மட்டும் போதாது, மனத்தைத் தொடும் வழிபாடு வேண்டும் என்று எண்ணி பென்சனின் ஒழுங்கை எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு, ஆராதனையின் தொடக்கப் பாட்டாக செசில் ஃபிரான்சிஸ் அலெக்சாண்டர் 1848-இல் சிறுவர்களுக்காக எழுதிய பாட்டு வைக்கப்பட்டது. அது இன்றுவரை மாறவில்லை. 1928-இல் பி.பி.சி. இதை ஒலிபரப்பத் தொடங்கியது. 1930 நீங்கலாக ஒவ்வோர் ஆண்டும் ஒலிபரப்பாகிவருகிறது. ஒலிபரப்பு வந்த பிறகுதான் சிற்றூர்களில் 'கேரல் ஆராதனை என்றால் இப்படித்தான்' என்ற அச்சு விழுந்தது. இன்று ஆதிகாலம் தொட்டு வருவதாக நினைக்கப்படும் பலவும் வானொலி கொண்டுவந்து சேர்த்தவையே.

அப்படியானால் அதற்கு முன் சிற்றூர்களில் பாட்டே இல்லையா? இருந்தது, அதுவும் ஏராளமாக. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகள், ஊர்த் தேவாலயத்தின் மேற்குப் பக்கத்து மேல்மாடத்தில் ஒரு வாத்தியக் குழு உட்கார்ந்திருக்கும். வயலின், செல்லோ, கிளாரினெட், பசூன் ஆகியவை அவர்களுடைய வாத்தியங்களில் அடங்கும். வாசித்தவர்கள் செருப்புத் தைப்பவர், தச்சர், கொத்தனார், பண்ணையாள். அவர்களுக்குப் பாட்டு எழுதியவர்களும் அவர்களைப் போன்றவர்களே. 1805-இல் வெளிவந்து இன்றும் யார்க்ஷயரின் நாட்டுப்பாடல் ஒன்றுக்கு மெட்டாக ஒலிக்கும் 'கிரான்புரூக்' என்ற இசையை அமைத்த தாமஸ் கிளார்க், கேண்டர்பரியில் செருப்புத் தைத்துப் பிழைத்தவர். அந்த மெட்டு கிறிஸ்துமஸுக்கும் பயன்பட்டது. நேஹம் டேட் எழுதி, சங்கீதப் பாமாலையின் பிற்சேர்க்கையாக 1700-இல் வெளியான மேய்ப்பர் பாட்டை அந்த மெட்டில் ஊர்க் குழுக்கள் பாடின. ஆங்கிலிக்கன் ஆலயங்களில் பாட ஒப்புதல் பெற்ற கிறிஸ்துமஸ் பாட்டாக நெடுங்காலம் கிட்டத்தட்ட இது ஒன்றே இருந்தது. பாட்டு ஒன்றுதான் என்றானபோது ஊர்கள் மெட்டில் தங்கள் சுதந்திரத்தை எடுத்துக்கொண்டன. ஒரே வரிகளுக்கு ஊருக்கொரு மெட்டாக நூற்றுக்கணக்கில் முளைத்தன. ஒரு குரல் தொடங்க, அடுத்தது சற்றுத் தள்ளி அதே வரியைப் பிடிக்க, மூன்றாவது அதன்மேல் ஏற, கடைசி அடியில் எல்லாம் வந்து சேரும் அமைப்பு அந்த மெட்டுகளுக்குப் பிடித்தமானது. பாடுகிறவர்களுக்குத் தங்கள் குரல் எங்கே நுழைகிறது என்பது தெரியும். அந்த நுழைவுக்காகக் காத்திருப்பதே அவர்களுக்குப் பெரும் சந்தோஷம்.

இந்தக் குழுக்களைப் பற்றி மிக நெருக்கமான சான்றை விட்டுச்சென்றது நாவலாசிரியர் தாமஸ் ஹார்டியின் குடும்பம். டார்செட்டின் ஸ்டின்ஸ்ஃபோர்டு ஆலயத்தில் அவருடைய பாட்டனார் செல்லோ வாசித்தார். தகப்பனாரும் அவருடைய சகோதரரும் வயலின் வாசித்தார்கள். அந்தக் குடும்பத்தின் கையெழுத்து இசைப்புத்தகங்களில் ஒரு பக்கத்திலிருந்து புரட்டினால் கிறிஸ்துமஸ் கீதங்கள். தலைகீழாகத் திருப்பி மறுமுனையிலிருந்து புரட்டினால் கல்யாண வீட்டு ஆட்டத்துக்கான மெட்டுகள். ஞாயிறு காலை ஆலயத்தில் வாசித்த கைகளே சனிக்கிழமை இரவு களஞ்சியத்தில் நடந்த ஆட்டத்துக்கும் வாசித்தன. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் இவர்கள் லாந்தரை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போய்ப் பாடிவிட்டு, அடுத்த நாள் மேல்மாடத்தில் ஏறினார்கள். ஆலயமும் தெருவும் அவர்களுக்கு இரண்டு உலகங்களாக இருக்கவில்லை.

இந்த மேல்மாட மரபு முடிவுக்கு வந்த விதம்தான் என் வாதத்தின் மையம். 1833-இல் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு இயக்கம் வழிபாட்டின் மாட்சியை மீட்க விரும்பியது. அதன் செல்வாக்கில் வந்த ஆயர்கள், மேல்மாடங்களை இடித்து, வெள்ளை அங்கி அணிந்த பாடகர் குழுவைப் பீடத்தருகே நிறுத்தி, வாத்தியக்காரர்களின் இடத்தில் ஆர்கனையோ ஹார்மோனியத்தையோ வைத்தார்கள். 1861-இல் வெளிவந்து நாடெங்கும் பரவிய பாமாலைநூல், மேய்ப்பர் பாட்டுக்கு ஒரே ஒரு மெட்டைத் தந்தது. ஊருக்கொன்றாக இருந்தவை அந்த ஒன்றுக்கு வழிவிட்டன. ஸ்டின்ஸ்ஃபோர்டின் குழு, ஹார்டி பிறந்து ஓரிரு ஆண்டுகளில், 1840-களின் தொடக்கத்திலேயே கலைந்துவிட்டது. அந்தக் குழுவை ஆலயத்தில் கேட்கும் வாய்ப்பே கிடைக்காத அவர், வீட்டில் கேட்ட பேச்சைக் கொண்டு 1872-இல் 'அண்டர் தி கிரீன்வுட் ட்ரீ' நாவலை எழுதினார். ஆர்கன் வந்தபோது ஆலயத்தோடு ஊராருக்கு இருந்த பிடிப்பு தளர்ந்தது என்று பின்னாளில் அந்த நாவலுக்கு எழுதிய முன்னுரையில் அவரே வாதிட்டார். மேல்மாடத்தில் முழுப் பொறுப்போடு இருந்த ஆறேழு பேர், அவர்களுடைய மனைவி மக்கள் எல்லாரும் ஒரே நாளில் வெறும் கேட்பவர்கள் ஆனார்கள்.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. அந்தக் குழுக்கள் சுருதி தவறி வாசித்தன, ஆயரோடு சண்டை பிடித்தன, பாட்டுக்கு நடுவே குடித்தன என்ற புகார்கள் ஏராளம். அவற்றில் பெருமளவு உண்மை இருக்கும். அதைவிடக் கூர்மையான குற்றச்சாட்டு வேறு: பாடும் உரிமையைச் சபையாரிடமிருந்து பறித்தவர்கள் சீர்திருத்த ஆயர்களுக்கு முன்பே இந்த மேல்மாடத்துக்காரர்கள்தான். குழு பாடத் தொடங்கியதும் மக்கள் பீடத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி மேல்மாடத்தைப் பார்த்து நிற்பது வழக்கமாக இருந்தது. அவர்கள் வாய் திறக்கவில்லை. எல்லாரும் பாட வேண்டும் என்ற எண்ணமே ஆர்கனுக்கும் எளிய மெட்டுக்கும் பின்னால் இருந்தது. இந்த மறுப்பை நான் பாதி ஏற்றுக்கொள்கிறேன். எளிய மெட்டு எல்லார் வாயிலும் ஏறியது உண்மை, இன்றைய கேரல் ஆராதனையில் மக்கள் முழுக் குரலில் பாடுவதற்கு விக்டோரியா காலத்துப் பாமாலைநூல்களுக்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும். ஆனால் சபையாரைப் பாடவைக்க அவர்களில் இசை அறிந்தவர்களை வெளியேற்றியிருக்க வேண்டியதில்லை. பழுது இருந்த இடத்தில் பயிற்சி தந்திருக்கலாம். ஆலயம் ஊரிலிருந்த திறமையை எடுத்து வளர்ப்பதற்குப் பதிலாக, வெளியிலிருந்து ஒரு தரத்தைக் கொண்டுவந்து அதன்முன் ஊரைத் தலைகுனிய வைத்தது.

வெளியேற்றப்பட்ட பாட்டு எங்கே போனது என்பதற்கு ஷெஃபீல்டு நகரின் வடமேற்கே உள்ள ஊர்கள் விடை சொல்கின்றன. டங்வொர்த், வொரல், ஸ்டானிங்டன் போன்ற அந்த ஊர்களில் நவம்பர் 11-ஐ அடுத்த ஞாயிறு தொடங்கி டிசம்பர் 26 வரை மக்கள் பப்புகளில் கூடி உள்ளூர்க் கிறிஸ்துமஸ் கீதங்களைப் பாடுகிறார்கள். டங்வொர்த்தின் பப்பில் அதற்கு ஆர்கன் வாசிப்பே உண்டு. மேய்ப்பர் பாட்டு மட்டுமே அங்கே பல மெட்டுகளில் பாடப்படுகிறது. அவற்றில் ஒன்று, பக்கத்து ஊரான ஹை கிரீனைச் சேர்ந்த ஜான் ஃபாஸ்டர் இரு நூற்றாண்டுகளுக்கு முன் அமைத்தது. 1969 முதல் இந்தப் பாட்டை ஆய்ந்துவரும் இசையியலாளர் இயன் ரஸ்ஸல் பதிவு செய்தவற்றைப் பார்த்தால், மேல்மாடத்து இசையின் குணங்கள், அதாவது குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைவது, அடிகளுக்கு இடையில் வாத்தியம் மட்டும் ஒலிப்பது எல்லாம் அங்கே அப்படியே வாழ்கின்றன. ட்ரூரோவில் பேராயர் ஆண்களை மதுக்கடையிலிருந்து ஆலயத்துக்கு அழைக்கப் பாட்டைப் பயன்படுத்திய அதே நூற்றாண்டில், இங்கே ஆலயம் வேண்டாமென்ற பாட்டு மதுக்கடையில் இடம் பிடித்தது. ஷெஃபீல்டு ஒரு விதிவிலக்கு, அதை வைத்து நாட்டைப் பேச முடியாது என்று சொல்லலாம். ஆனால் கார்ன்வாலும் அதே கதையைச் சொல்கிறது. இல்லகன் ஊரைச் சேர்ந்த தாமஸ் மெரிட் சுரங்கத்தில் வேலைபார்த்து உடல் நலிந்தவர்; 1908-இல் மறைந்தார். அவர் எழுதிய கிறிஸ்துமஸ் கீதங்களைக் கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர்கள் கலிஃபோர்னியாவின் கிராஸ் வேலிக்கும் தென் ஆஸ்திரேலியாவுக்கும் எடுத்துச்சென்றார்கள். வேலை தேடிக் கடல் கடந்தவர்கள் தங்களோடு சுமந்தது பேராலயத்தின் பாட்டை அல்ல, தாங்களே பாடிய பாட்டை.

இன்னொரு கேள்வியும் நியாயமானதே: கேரல் ஆராதனை என்ற ஒன்று வந்திராவிட்டால் இந்தப் பாட்டுகள் மொத்தமாக அழிந்திருக்காதா? வழக்கம் மறைந்துகொண்டிருக்கிறது என்ற கவலையில்தான் டேவீஸ் கில்பர்ட் 1822-இலும் வில்லியம் சாண்டிஸ் 1833-இலும் பழைய கீதங்களைத் தொகுத்து அச்சிட்டார்கள். சர்ரேயின் ஃபாரஸ்ட் கிரீன் ஊரில் 1903-இல் ஒரு முதியவர் பாடக் கேட்டு இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ் எழுதிக்கொண்ட நாட்டு மெட்டு, 1906-இன் பாமாலைநூலில் பெத்லகேமைப் பற்றிய பாட்டுக்கு மெட்டாகி, இன்று அது பாடப்படாத ஆலயம் இங்கிலாந்தில் இல்லை எனலாம். 1928-இல் அவரும் பெர்சி டியர்மரும் மார்ட்டின் ஷாவும் வெளியிட்ட ஆக்ஸ்ஃபோர்டு தொகுப்பு அந்தப் பணியின் உச்சம். தொகுத்தவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் முன்வாசல் வழியாக வெளியேற்றப்பட்ட பாட்டு, படித்தவர்களின் கையில் சுத்தம் செய்யப்பட்டுப் பின்வாசல் வழியாகத் திரும்பியபோது, பாடியவர்கள் திரும்பி வரவில்லை. மெட்டுக்கு ஊரின் பெயர் வைக்கப்பட்டது; அந்த ஊரின் குழுவுக்கு மேல்மாடம் திரும்பக் கிடைக்கவில்லை.

மதத்தின் பக்கத்திலிருந்து வரும் மறுப்பு இவற்றிலும் கனமானது. ஆராதனையின் பலம் பாடங்களில் இருக்கிறது, இசையில் இல்லை என்பது மில்னர்-வைட்டின் உறுதியான கருத்து. ஏதேனில் மனிதன் விழுந்தது முதல் வார்த்தை மாம்சமானதுவரை செல்லும் ஒரே மீட்புக் கதை அது. பாட்டு அதற்குத் துணை மட்டுமே. டிசம்பரில் மட்டும் வந்து பாடிவிட்டுப் போகிறவர்களுக்கு அந்தக் கதையில் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்கும் ஆயர்களின் வருத்தம் புரிகிறது. ஆனால் பாடங்களே முதுகெலும்பு என்றால், அவற்றை வாசிப்பது யார் என்பதும் முக்கியம். பள்ளிக்கூடச் சிறுமி, மணியடிப்பவர், கிராமப் பேரவையின் தலைவர், ஆலயப் பொறுப்பாளர், கடைசியில் ஆயர் என்று ஒரு சிற்றூரில் அந்த வரிசை அமையும்போது, மீட்பின் கதையை ஊர் தன் வாயாலேயே சொல்லிக்கொள்கிறது. நம்பிக்கை முழுதாக வந்த பிறகுதான் பாட வேண்டும் என்ற விதி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. சிறுவர்களுக்கு நாம் பாட்டைத்தான் முதலில் கற்பிக்கிறோம். பொருள் பின்னால் வந்து சேர்கிறது. வருடத்தில் ஒரு நாள் உள்ளே வந்து, புத்தகத்தைப் பார்க்காமலே நான்கு சரணங்கள் பாடக்கூடிய மனிதரிடம் ஏதோ ஒன்று தங்கியிருக்கிறது. அதைப் போலி என்று தள்ளுவது அவசரம்.

ஒழுங்கு வெளியிலிருந்து வந்தாலும் குரல் உள்ளூருடையதாக இருக்க முடியும் என்பதற்குத் தமிழ்க் கிறிஸ்தவர்களே சாட்சி. ஆங்கிலிக்கன் மிஷன்கள் வேரூன்றிய திருநெல்வேலிப் பகுதியிலும், பின்னர் 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் ஏனைய இடங்களிலும், கேரல் ஆராதனைக்கு வேதபாடங்களும் கீதங்களும் மாறிமாறி வரும் ஒழுங்கு நன்றாகப் பழகிப்போனது. ஆனால் அந்த ஒழுங்குக்குள் ஆங்கில மெட்டில் பாமாலை ஒன்று முடிந்ததும், தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் மரபில் வந்த கீர்த்தனை ராக தாளத்தோடு எழும். டிசம்பர் இரவுகளில் வாலிபர்கள் வீடுவீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸும் தொடர்கிறது. 1774 முதல் 1864 வரை வாழ்ந்த சாஸ்திரியார், தம் காலத்து மிஷனரிகள் சிலர் தமிழ்ச் சபையின் வழக்கங்களை மாற்ற முனைந்தபோது அவர்களை எதிர்த்து வாதாடியவர். அந்த வாதங்களில் அவர் சாதி வேறுபாட்டுக்குப் பரிந்து பேசியது இன்று ஏற்கத்தக்கதல்ல. ஆயினும் தமிழ்ச் சபை தன் இசையிலேயே பாடலாம் என்ற வழியை நிலைநிறுத்தியதில் அவர் பங்கு பெரிது.

இங்கிலாந்துச் சிற்றூர்களுக்கு இப்போது எழுந்திருக்கும் சிக்கல் வேறு. ஓர் ஆயர் ஐந்தாறு ஆலயங்களைப் பார்த்துக்கொள்கிறார். ஆர்கன் வாசிக்க ஆள் கிடைப்பதில்லை. கிங்ஸ் கல்லூரியின் தரத்தை மனத்தில் வைத்திருக்கும் சபைகள், பதிவு செய்த இசையைப் பெட்டியில் ஓடவிட்டுப் பாடுகின்றன. அல்லது பக்கத்து நகரத்திலிருந்து பாடகர் குழுவை வரவழைத்து உட்கார்ந்து கேட்கின்றன. இரண்டாவது வழி மெத்தக் கேடு, ஏனென்றால் அது ஊரை மீண்டும் கேட்பவர்களின் இருக்கையில் அமர்த்துகிறது. ஆர்கன் வருவதற்கு முன் இந்த ஆலயங்கள் நூறு ஆண்டுகள் ஆர்கன் இல்லாமலேயே பாடின. இன்றும் ஊரில் கிளாரினெட் கற்கும் பள்ளி மாணவி இருப்பாள், இளமையில் வயலின் வாசித்து நிறுத்திவிட்ட ஒருவர் இருப்பார், கிட்டார் வைத்திருப்பவர் நிச்சயம் இருப்பார். உலகம் முழுதும் பாடும் ஆஸ்திரியக் கிறிஸ்துமஸ் பாட்டு, 1818-இல் ஓபர்ன்டார்ஃபின் ஆலயத்தில் ஒரு துணைக்குருவும் பள்ளி ஆசிரியரும் சேர்ந்து ஒரே ஒரு கிட்டாரோடு முதன்முதலில் பாடியதுதான். மேல்மாடத்து இசையைத் தேடி எடுத்து மீண்டும் வாசிக்கும் குழுக்கள் கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளாக இங்கிலாந்தின் பல மாவட்டங்களில் இயங்குகின்றன. பழைய கையெழுத்துப் புத்தகங்கள் அச்சாகியிருக்கின்றன. ஸ்டின்ஸ்ஃபோர்டின் மெட்டுகள்கூட இன்று கிடைக்கின்றன. எந்தக் கவுன்டியின் ஆவணக் காப்பகத்திலும் பக்கத்து ஊரின் மேய்ப்பர் பாட்டு மெட்டு ஒன்றாவது அகப்பட வாய்ப்பிருக்கிறது. அக்டோபரில் அதை எடுத்துக்கொடுத்தால், டிசம்பருக்குள் நான்கு குரல்களில் பழகிவிடலாம்.